இலவச இணையவழிப் பாடநெறியா? முதலில் கூட்டாளிகளைச் சேருங்கள்

உயர்தரப் பெறுபேறு வந்த கிழமையில் எனக்கு வருகிற அழைப்புகள் அநேகமாக ஒரே மாதிரி இருக்கும். "அக்கா, கம்பஸ் போக இசட் ஸ்கோர் காணாது போல. ஒன்லைன்ல பெரிய பெரிய யுனிவர்சிட்டி கோர்ஸ் எல்லாம் சும்மா படிக்கலாமாம். எதைப் படிக்கட்டும்?" உப்புவெளியில் இருந்தும் கேட்பார்கள், மூதூரில் இருந்தும் கேட்பார்கள். பாடநெறியின் பெயரைச் சொல்ல முன்னர் நான் ஒன்றைத் திருப்பிக் கேட்பேன்: "உன்னோட சேர்ந்து படிக்க ஆர் இருக்கா?"

பலருக்கு அந்தக் கேள்வி விளங்குவதில்லை. வீட்டில் இருந்தபடி, விரும்பின நேரத்தில், தனியாகப் படிக்கலாம் என்பதற்காகத்தானே ஒன்லைனுக்கு வருகிறோம் என்று நினைக்கிறார்கள். இந்தப் பாடநெறிகளைத் திருகோணமலையில் இருந்தே படித்து அதன் மூலம் வேலைக்குப் போனவள் நான். பிறகு என்னைவிட இளையவர்களைச் சேர்த்துக்கொண்டு, பாலையூற்றில் ஒரு வீட்டு விறாந்தையில் ஞாயிறுதோறும் படித்தும் வருகிறேன். அந்த அனுபவத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்த விடயம் இது: பாடம் இலவசமாகக் கிடைக்கிறது, ஆசிரியரும் கிடைக்கிறார். "எங்க, போன கிழமை ஒப்படை செஞ்சிட்டியா?" என்று கேட்கிற ஆள் மட்டும் கிடைப்பதில்லை. அந்த ஆளை நாம்தான் ஊருக்குள் தேடிக்கொள்ள வேண்டும்.

நம் பிள்ளைகள் ஏன் இந்தப் பக்கம் வருகிறார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கணிதம், விஞ்ஞானம், வணிகம் போன்ற பிரிவுகளில் பல்கலைக்கழக இடங்களில் 40 சதவீதம் நாடு முழுவதற்குமான திறமை வரிசையில் போகிறது. 55 சதவீதம் மாவட்டச் சனத்தொகைப்படி பிரிக்கப்படுகிறது. மிச்சம் 5 சதவீதம் கல்வியில் பின்தங்கியதாக அறிவிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. அதில் திருகோணமலையும் ஒன்று. இத்தனை ஏற்பாடு இருந்தும், தகுதி பெற்றவர்களில் பெரும்பகுதியினருக்கு அரச பல்கலைக்கழகத்தில் இடம் இல்லை. கொழும்பில் தனியார் நிறுவனத்தில் படிக்கவைக்க மீன்பிடித் தொழிலிலும் வயலிலும் இருக்கிற குடும்பங்களால் எப்படி முடியும்? ஆகவே ஹார்வர்ட் பாடம் இலவசம் என்று கேள்விப்பட்டால் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் நெஞ்சில் ஒரு வெளிச்சம் வரத்தான் செய்யும். அந்த வெளிச்சம் பொய்யில்லை. அதை அணையாமல் கொண்டுபோவது எப்படி என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இதன் கதை நீளமானதல்ல. 2011 கடைசிப் பகுதியில் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் செபஸ்டியன் துரூன், பீட்டர் நோர்விக் ஆகிய இருவரும் தங்கள் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை இணையத்தில் எவரும் படிக்கலாம் என்று திறந்துவிட்டார்கள். சுமார் 160,000 பேர் பதிந்தார்கள். இருபதாயிரத்துக்கு மேற்பட்டோர் முடித்தார்கள். அடுத்த வருடமே இப்படியான பாடநெறிகளுக்கென்றே தளங்கள் வந்தன: துரூன் யுடாசிட்டியைத் தொடங்கினார், ஆன்ட்ரூ இங்கும் டாப்னி கொல்லரும் கோர்செராவைத் தொடங்கினார்கள், எம்.ஐ.டி.யும் ஹார்வர்டும் சேர்ந்து எடெக்ஸைத் தொடங்கின. உலகத்தில் எந்த மூலையில் இருக்கும் பிள்ளைக்கும் முதல்தரக் கல்வி என்று அப்போது பேசினார்கள்.

பிறகு கணக்கு வந்தது. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் நடத்திய பாடநெறிகளில் 2012இல் இருந்து 2018 வரை பதிந்தவர்களின் தரவை ஜஸ்டின் ரைக் என்பவரும் அவருடைய சக ஆய்வாளரும் ஆராய்ந்து 2019இல் சயன்ஸ் இதழில் வெளியிட்டார்கள். 2017-18இல் பதிந்தவர்களில் முடித்தவர்கள் 3.13 சதவீதம். பதிந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பாடத்துக்குள் ஒருமுறைகூட நுழையவே இல்லை. காசு கட்டிச் சான்றிதழுக்குப் பதிந்தவர்களை மட்டும் எடுத்தால் முடித்தவர்கள் 46 சதவீதம். இன்னொன்றையும் அந்த ஆய்வு காட்டியது: படிக்க வருகிறவர்களில் பெரும்பாலோர் வசதியான நாடுகளில் இருந்தே வருகிறார்கள். யாருக்காகத் திறந்தோம் என்று சொன்னார்களோ அவர்கள் வாசலுக்கு வெளியேதான் பெரும்பாலும் நிற்கிறார்கள்.

நூறு பேரில் மூன்று பேர் என்று கேட்டதும் மனம் சோர்ந்துவிடும். ஆனால் பதிவு செய்ய ஒரு மின்னஞ்சல் முகவரி போதும் என்கிறபோது, எட்டிப்பார்க்க வருகிறவர்களும் அந்த நூறில் அடக்கம். அதனால் அந்த எண்ணை வைத்து ஒரு பிள்ளையின் திறமையை அளக்கக் கூடாது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 2020இல் வந்த இன்னொரு ஆய்வு. ரெனே கிசில்செக் தலைமையில், 247 பாடநெறிகளில் சுமார் 270,000 மாணவரை வைத்து, சின்னச் சின்ன உளவியல் உதவிகள் படிப்பை முடிக்க வைக்குமா என்று பார்த்தார்கள். "எந்த நாளில், எந்த நேரத்தில், எங்கே இருந்து படிக்கப்போகிறேன்" என்று மாணவரே எழுதிவைப்பதும் அதில் ஒன்று. எழுதிவைத்தவர்கள் முதல் சில கிழமைகள் கூடுதலாகப் படித்தார்கள். பிறகு அந்தப் பலன் கரைந்துவிட்டது. பாடநெறியை முடித்தோர் எண்ணிக்கையில் பெரிய மாற்றம் வரவில்லை.

கால அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டுவது நம் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. ஓ/எல் காலத்தில் இருந்தே ஒட்டுகிறோம். அந்தத் தாள் ஒரு மாதத்துக்குப் பிறகு எவரையும் எழுப்பிவிடுவதில்லை என்பதும் நமக்குத் தெரியும். ரியூஷனுக்கு மட்டும் மழையிலும் போகிறோம், ஏன்? அங்கே சேர் இருக்கிறார், பக்கத்து வாங்கில் கூட்டாளி இருக்கிறாள், போகாவிட்டால் கேட்பார்கள்.

மொங்கோலியச் சிறுவன் பத்துஷிக்கின் கதையைப் பலரும் உதாரணமாகச் சொல்வார்கள். 2012இல் எம்.ஐ.டி. இணையத்தில் நடத்திய மின்சுற்றுப் பாடத்தில் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டோர் பதிந்தார்கள். 7,157 பேர் சித்தியடைந்தார்கள். முழுப்புள்ளி எடுத்தவர்கள் 340 பேர். அவர்களில் ஒருவன் உலான்பாத்தரில் இருந்து படித்த 15 வயதுப் பையன். பிறகு எம்.ஐ.டி.யே அவனைச் சேர்த்துக்கொண்டது. எங்கோ ஒரு மூலையில் தனியே இருந்து சாதித்தான் என்று இந்தக் கதையைச் சொல்கிறார்கள். முழுக்கதை வேறு. அவனுடைய பாடசாலை அதிபர் எம்.ஐ.டி.யில் பட்டம் பெற்ற முதல் மொங்கோலியர். அந்தப் பாடத்தைத் தன் பாடசாலையில் ஒரு வகுப்பாகவே நடத்த ஏற்பாடு செய்தார். அமெரிக்காவில் இருந்து டோனி கிம் என்கிற ஆராய்ச்சி மாணவர் மின்னியல் உபகரணங்களோடு வந்து, இருபது பேர் அளவில் இருந்த அந்தக் குழுவுக்குச் செய்முறை காட்டினார். பத்துஷிக் கெட்டிக்காரன், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவனுக்கு ஒரு அறை இருந்தது, பக்கத்தில் இருந்து கேட்க ஆட்கள் இருந்தார்கள். பெற்றோரிடம் பேசும்போது நான் இந்தப் பாதியைத்தான் அழுத்திச் சொல்வேன்.

எங்கள் ஞாயிற்றுக்கிழமை குழுவும் தேவையில் இருந்துதான் உருவானது. எங்கள் ஆட்களில் ஒரு வீட்டில் மட்டும் ஃபைபர் இணைப்பு இருந்தது. மற்றவர்கள் போனில் ரீலோட் போட்டுப் படித்தவர்கள். அந்த வீட்டு அம்மா, "வந்து விறாந்தையில இருந்து படியுங்க பிள்ளைகள்" என்றார். அதன் பிறகுதான் விளங்கியது, இணைப்பைவிடப் பக்கத்தில் ஆள் இருப்பதே பெரிய உதவி என்று. கிண்ணியாவில் இருந்து ஒரு தம்பி வருவார். தம்பலகாமத்தில் இருந்து ஒரு தங்கச்சி. வங்கியில் வேலை பார்க்கிற ஒரு அக்கா, இரண்டு பிள்ளைகளின் தாய். வயதும் படிப்பும் வேறு வேறு. அது நல்லதாகவே போயிற்று.

நாங்கள் எடுத்தது ஹார்வர்டின் சி.எஸ்.50, கணினி அறிவியல் அறிமுகம், டேவிட் மலன் நடத்துவது. முதல் கிழமை கட்டங்களை இழுத்துப் பொருத்தி நிரல் செய்கிற ஸ்கிராச், அடுத்த கிழமையே எழுதி நிரலாக்குகிற சி மொழி. அந்தக் கிழமை ஒப்படையில் மாரியோ விளையாட்டில் வருகிற படிக்கட்டு மாதிரி ஒரு கோபுரத்தைத் திரையில் போட வேண்டும். பயனர் உயரம் 4 என்று கொடுத்தால் முதல் வரியில் ஒரு ஹேஷ் குறி (#), அடுத்ததில் இரண்டு, பிறகு மூன்று, நான்கு. எல்லாம் வலது பக்கம் ஒட்டி நிற்க வேண்டும். அங்கேதான் முக்கால்வாசிப் பேர் நிற்பார்கள். இடது பக்கம் ஒட்டி எல்லாருக்கும் வந்துவிடும், வலது பக்கம் வராது.

கிண்ணியாத் தம்பிக்கும் அது வரவில்லை. விரிவுரையைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். தம்பலகாமத்துத் தங்கச்சி எழும்பிப்போய்க் குசினியில் இருந்து ஒரு பிடி புளியங்கொட்டை எடுத்துவந்தாள். விறாந்தையில் சதுரச் சதுரமாகத் தரை ஓடு பதித்திருக்கிறது. நான்கு சதுரம் அகலத்தில், முதல் வரியில் மூன்று சதுரத்தை விட்டுவிட்டு நாலாவதில் ஒரு கொட்டை வைத்தாள். இரண்டாம் வரியில் இரண்டு சதுரம் விட்டு இரண்டு கொட்டை. "அண்ணா, இந்த வெறும் கட்டத்தை நீங்க சும்மா விட்டதா நினைக்கிறீங்க. கம்பியூட்டருக்கு அதுவும் நாமதான் போட்டுக் குடுக்கணும்" என்றாள். தம்பி கொஞ்ச நேரம் தரையையே பார்த்தார். பிறகு கொப்பியில் எழுதினார்: உயரத்தில் இருந்து வரிசை எண்ணைக் கழித்தால் வெற்றிடம், வரிசை எண் எவ்வளவோ அவ்வளவு ஹேஷ். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கிற சுழற்சி இரண்டு, ஒன்று முடிந்து மற்றது. அன்று எழுதின நிரல் ஓடிக் கோபுரம் சரியாக வந்தபோது அந்த வீட்டு அம்மாவும் வந்து எட்டிப் பார்த்தார்.

உலகத்தில் மிகச் சிறந்த விரிவுரையாளர்களில் ஒருவர் திரையில் சொன்னது புரியாமல் நின்ற இடத்தில், பதினெட்டு வயதுப் பிள்ளை தமிழில் சொன்னது புரிந்தது. அந்தத் தங்கச்சிக்கு விரிவுரையாளரைவிடக் கூடத் தெரியும் என்று நான் சொல்லவில்லை. தம்பி எங்கே தடக்குப்பட்டு நிற்கிறார் என்பது பக்கத்தில் இருந்த அவளுக்குத் தெரிந்தது. காணொளிக்கு அது தெரியாது.

ஒரு ஒழுங்கை மட்டும் நாங்கள் கண்டிப்பாக வைத்திருக்கிறோம். விரிவுரையை அவரவர் வீட்டில் பார்த்துவிட்டு வரவேண்டும். ஞாயிறு வந்ததும் முதல் வேலை, குறிப்புக் கொப்பியை மூடிவைத்துவிட்டு அந்தக் கிழமை பார்த்ததை ஒவ்வொருவராக நினைவில் இருந்து தமிழில் சொல்வது. தடக்குப்படுகிற இடத்தில் அடுத்தவர் எடுத்துக் கொடுப்பார். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட மூடிவைத்துச் சொல்லிப் பார்ப்பது நினைவில் ஆழமாக நிற்கும் என்பதைக் கற்றல் பற்றிய ஆய்வுகள் நன்றாகவே நிறுவியிருக்கின்றன. கோர்செராவில் பார்பரா ஓக்லி நடத்துகிற, எப்படிக் கற்பது என்பதைப் பற்றிய பாடநெறியிலும் இதைத்தான் வலியுறுத்துவார். எங்களுக்கு இன்னொரு பலனும் கிடைத்தது. சொல்ல வேண்டியிருக்கிறதே என்பதற்காகவே எல்லாரும் சனிக்கிழமை இரவுக்குள் பார்த்துவிடுவார்கள்.

குழுவில் நான்கு முதல் ஆறு பேர் இருந்தால் போதும். இரண்டு பேர் என்றால் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலே அந்தக் கிழமை போய்விடும். பத்துப் பேர் என்றால் பேசாமல் மூலையில் இருக்கிறவர்கள் உருவாகிவிடுவார்கள். எல்லாரும் ஒரே தரத்தில் இருக்க வேண்டும் என்றும் தேடாதீர்கள்.

பெண்பிள்ளைகளைப் பற்றி இங்கே கட்டாயம் சொல்லவேண்டும். எங்கள் குழுவுக்கு வர விரும்பிய பெண்பிள்ளைகளில் சிலர் வர முடியாமல் போனதற்கு மூளையோ ஆங்கிலமோ காரணமில்லை. இருட்ட முதல் வீடு போய்ச் சேர முடியுமா, யார் வீடு, அங்கே பெரியவர்கள் இருக்கிறார்களா என்ற கேள்விகள்தான் காரணம். பெற்றோர் கேட்பது நியாயம். ஆகவே நாங்கள் நேரத்தை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்து, நாலரைக்கு முடித்துவிடுவோம். தம்பலகாமத்துப் பஸ் இருக்கும் நேரம். முதல் நாளில் அம்மாமாரையும் வரச்சொல்லி, வீட்டைக் காட்டி, என்ன படிக்கிறோம் என்று சொல்வோம். ஒரு அம்மா சில ஞாயிறுகள் மகளோடு வந்து விறாந்தை ஓரத்தில் இருந்து பூக்கட்டினார். பிறகு தானாகவே வராமல் விட்டார். நோன்பு மாதத்தில் கிண்ணியாத் தம்பிக்காகக் காலை நேரத்துக்கு மாற்றினோம். இப்படியான விடயங்களைக் கோர்செராவோ எடெக்ஸோ நமக்குச் செய்துதராது. நம் ஊரின் நேரத்தையும் நம் வீடுகளின் வழக்கத்தையும் நாம்தான் பாடநெறிக்குள் கொண்டுவர வேண்டும்.

பாடநெறியைத் தெரிவு செய்வதற்கு என் ஒரே அளவுகோல், செய்து அனுப்ப வேண்டிய ஒப்படை இருக்கிறதா, அதைத் திருத்திச் சொல்கிறார்களா என்பதுதான். காணொளி மட்டும் என்றால் யூரியூப்பே போதும். சி.எஸ்.50இல் நாம் எழுதின நிரலை அவர்களுடைய கருவி உடனே சோதித்து, எந்தெந்தச் சோதனையில் விழுந்தது என்று சிவப்பிலும் பச்சையிலும் காட்டும். நள்ளிரவிலும் திருத்தும். எல்லா ஒப்படைகளிலும் 70 சதவீதத்துக்குக் குறையாமல் எடுத்து, இறுதிச் செயற்றிட்டமும் கொடுத்தால் சி.எஸ்.50 தருகிற சான்றிதழ் இலவசம். எடெக்ஸ் மூலம் அடையாளம் உறுதிசெய்த சான்றிதழ் வேண்டுமென்றால்தான் காசு. பழைய லப்டொப்பிலும் செய்யலாம். நிரல் எழுதுவதும் ஓட்டுவதும் உலாவிக்குள்ளேயே நடக்கிறது.

ஹார்வர்ட் வேகம் ஆரம்பத்திலேயே கடினமாக இருக்கிறவர்களுக்கு நான் சொல்வது மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் திறந்த கற்றல் தளம். இணையப்பக்க வடிவமைப்பு, பைதன் என்று அடிப்படையில் இருந்து இலவசமாகத் தொடங்கியிருக்கிறார்கள். நம் நாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயர் என்பதால் இங்குள்ள வேலைத்தலங்களுக்கும் எடுத்துச் சொல்ல இலகு. இந்தியாவின் ஐ.ஐ.டி.கள் 2003இல் தொடங்கின என்.பி.டெல் பொறியியல், கணிதம் படிக்கிறவர்களுக்கு ஒரு பெரிய களஞ்சியம். சில பாடங்களுக்கு விரிவுரையின் தமிழ் எழுத்துவடிவமும் இருக்கிறது. அவர்களுடைய பரீட்சையை இந்தியாவில் நிலையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும் என்பதால், நமக்குப் பயன்படுவது பாடம்தான். இன்னும் ஓ/எல், ஏ/எல் படித்துக்கொண்டிருக்கிறவர்கள் இவற்றில் எதற்கும் அவசரப்பட வேண்டாம். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளத்தில் நம் பாடத்திட்டப்படி தமிழில் இருக்கிறவற்றை முதலில் முடியுங்கள்.

இலவசம் என்ற சொல்லின் எல்லையைப் பதிய முதல் பாருங்கள். 2012இல் இருந்த இலவசம் இன்று இல்லை. எடெக்ஸில் பெரும்பாலான பாடநெறிகளில் காசு கட்டாதவர்களுக்குக் குறிப்பிட்ட காலம் மட்டும்தான் பாடம் திறந்திருக்கும். புள்ளி போடுகிற ஒப்படைகளும் பூட்டப்பட்டிருக்கும். கோர்செராவிலும் பல பாடநெறிகளில் முதல் பகுதிக்கு மேல் போகக் காசு கேட்கிறார்கள். அந்த நிறுவனங்களும் செலவைச் சமாளிக்க வேண்டும், அது விளங்குகிறது. ஆனால் ஒரு பாடநெறிக்கு 49 டொலர் கேட்டால், டொலர் 300 ரூபா என்று வைத்தாலே அது 14,700 ரூபா. அதைக் கட்ட வெளிநாட்டுக் கொடுப்பனவுக்குத் திறந்த வங்கி அட்டையும் வேண்டும். கோர்செராவில் நிதியுதவிக்கு விண்ணப்பிக்கலாம். ஏன் தேவை, இந்தப் படிப்பு உங்களுக்கு எப்படி உதவும் என்று சொந்தமாக எழுத வேண்டும். பதில் வர இரண்டு கிழமை அளவில் செல்லும். முழுத்தொகையும் கழியும் என்றில்லை, ஒரு பங்கு கழிவதும் உண்டு. வீட்டு வருமானத்தை எழுத வெட்கப்படாதீர்கள். உண்மையை நேராக எழுதினால் போதும்.

டேட்டாவும் கரண்டும் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, எல்லாருக்கும் தெரிந்த கஷ்டம். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்ற நாட்களைக் கடந்துதான் எங்களில் சிலர் படித்தோம். இப்போது அப்படி இல்லை, ஆனாலும் மாரியில் காற்று மழைக்கு லைன் போய்விடும். செய்யக்கூடியது இது: சி.எஸ்.50 விரிவுரையைக் காணொளியாகவும், ஒலி மட்டுமாகவும், எழுத்துவடிவமாகவும் தனித்தனியே இறக்கலாம். இரண்டு மணித்தியாலக் காணொளியை உயர்ந்த தெளிவில் பார்த்தால் டேட்டா கொட்டிப்போகும். ஒருவர் ஒருமுறை இறக்கிப் பென் டிரைவில் எல்லாருக்கும் கொடுத்துவிடலாம். எழுத்துவடிவத்தைக் கொமியூனிகேஷன் கடையில் அச்செடுத்து வைத்துக்கொண்டால் கரண்ட் இல்லாத இரவிலும் வாசிக்கலாம்.

அந்த எழுத்துவடிவம் ஆங்கிலத்துக்கும் மருந்து. தமிழ் மொழிமூலம் படித்து வந்த பிள்ளைகள் பயப்படுவது ஆங்கிலத்துக்குத்தான். அமெரிக்க உச்சரிப்பு காதில் நிற்காது என்பது உண்மை. முதலில் எழுத்துவடிவத்தை வாசித்து, தெரியாத சொற்களைக் கோடிட்டுப் பார்த்துவிட்டு, பிறகு காணொளியை வேகம் குறைத்துப் போடச் சொல்வேன். முதல் மூன்று விரிவுரை இழுக்கும். அதற்குப் பிறகு விரிவுரையாளர் பேசுகிற பாணி பழகிவிடும், ஏனென்றால் ஒரு பாடத்தில் வருகிற சொற்கள் திரும்பத் திரும்ப அதே சொற்கள்தான். குழுவில் பேசுவது தமிழில், கேள்வியை இணைய மன்றத்தில் இடுவது ஆங்கிலத்தில் என்று வைத்திருக்கிறோம். அந்தக் கேள்வியை ஆங்கிலத்தில் எழுத இரண்டு மூன்று பேர் கூடி இருந்து வசனம் அமைப்பார்கள். வங்கியில் இருக்கிற அக்கா அதில் பெரிய உதவி. ஏ/எல் முடித்த பிள்ளைக்கு அவ எழுதுகிற ஒழுங்கான மின்னஞ்சல் நடை ஒரு தனிப் பாடம்.

குழுவாகப் படிப்பதில் ஒரு ஆபத்து இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. ஒருவர் செய்ததை மற்றவர் பார்த்து எழுதிவிடலாம். எங்கள் விறாந்தையில் பேசலாம், வரையலாம், புளியங்கொட்டை வைத்துக் காட்டலாம். ஆனால் மற்றவரின் திரையைப் பார்த்து நிரல் எழுதக்கூடாது. சி.எஸ்.50உம் இதையேதான் சொல்கிறது: கலந்து பேசுவது ஏற்கத்தக்கது, விடையைக் கொடுப்பதும் வாங்குவதும் அல்ல. சாட்ஜிபிடி போன்றவற்றிடம் விடை கேட்பதையும் அவர்கள் தடுத்திருக்கிறார்கள். அதற்குப் பதிலாக 2023இல் இருந்து தாங்களே ஒரு உதவியாளரை வைத்திருக்கிறார்கள், வாத்து உருவத்தில். அது விடையைச் சொல்லாது, எங்கே யோசிக்க வேண்டும் என்று கேள்வி கேட்கும். இன்றைய பிள்ளைகளுக்கு நான் மன்றாடிச் சொல்வது இதுதான். காசும் கட்டாமல், யாரும் கட்டாயப்படுத்தாமல், நீங்களாக விரும்பி வந்த படிப்பு இது. அதிலும் விடையை இரவல் வாங்கினால் பிறகு நேர்முகத்தில் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

நேர்முகம் என்றதும் சான்றிதழ் பற்றிக் கேட்பீர்கள். அரச வேலைக்கு இந்தச் சான்றிதழ்கள் பட்டத்துக்கோ என்.வி.கியூ. என்கிற தேசிய தொழிற்தகைமைத் தரத்துக்கோ ஈடாகாது. ஒரு இணையச் சான்றிதழை நம்பி வி.ரி.ஏ. (தொழிற்பயிற்சி அதிகாரசபை) அல்லது தொழில்நுட்பக் கல்லூரி இடத்தைக் கைவிடாதீர்கள். இரண்டையும் சேர்த்துச் செய்யுங்கள். கோணேசபுரியில் உள்ள, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் படிக்கிற பிள்ளைகள் சிலரும் எங்களோடு ஒரு பருவம் இருந்தார்கள். அவர்களுக்கு இது பட்டப்படிப்புக்குத் துணைப்பாடம். தனியார் மென்பொருள் நிறுவனங்களில் கதை கொஞ்சம் வேறு. என்னை நேர்முகம் கண்டவர்கள் சான்றிதழைப் பார்த்தார்கள், தலையாட்டினார்கள், கீழே வைத்தார்கள். பிறகு முழுநேரமும் என் இறுதிச் செயற்றிட்டத்தைப் பற்றியே கேட்டார்கள். நிலாவெளிப் பக்கத்துச் சிறிய தங்குமிடங்களுக்கு அறை முன்பதிவை எழுதிவைக்கும் ஒரு எளிய இணையத்தளம் அது. ஒரே அறையை ஒரே இரவுக்கு இரண்டு பேர் பதிய வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டார்கள். அதே கேள்வியை விறாந்தையில் கிண்ணியாத் தம்பி என்னிடம் முன்னமே கேட்டிருந்தார். அவர் விடாமல் கேட்டதால்தான் அதற்கு நான் வழி எழுதி வைத்திருந்தேன்.

ஆகவே செயற்றிட்டத்தை ஊருக்குத் தேவையான ஒன்றாக எடுங்கள். எங்கள் குழுவில் ஒருவர் தன் தகப்பனின் மீன் வாடிக்குக் கடன் கொப்பியைச் செயலியாக்கினார். தம்பலகாமத்துத் தங்கச்சி வயல் வேலைக் கூலிக் கணக்கைச் செய்தாள். மீன் வாடித் தகப்பனார் செயலியைத் தினமும் பாவிப்பதால் எங்கே பிழை என்று உடனே சொல்வார். அதைவிட நல்ல பரிசோதகர் கிடைக்க மாட்டார். கல்குலேட்டரும் காலநிலைச் செயலியும் உலகம் முழுக்க எல்லாரும் செய்கிறார்கள்.

இடையில் நிற்கிறவர்கள் எங்கள் குழுவிலும் உண்டு. ஒருவருக்குக் கட்டாருக்கு விசா வந்தது, போனார். ஒருவருக்குக் கல்யாணம். வேறொருவர் நான்காம் கிழமை நினைவக முகவரிப் பாடத்தில் களைத்துப்போய், கணக்கியல் படிக்கப் போகிறேன் என்று விட்டார். இப்போது அதில் நன்றாக இருக்கிறார். தனக்கு எது ஒத்துவராது என்று காசு செலவில்லாமல் தெரிந்துகொண்டதும் லாபம்தான். நின்றவர்களை வட்ஸ்அப் குழுவில் இருந்து நாங்கள் எடுப்பதில்லை. அடுத்த சுற்றில் திரும்பி வந்து சேர்ந்தவர்களும் இருக்கிறார்கள்.

தொடங்கும் காலத்தையும் சொல்லிவிடுகிறேன். சி.எஸ்.50 ஜனவரியில் புதுப்பிக்கப்பட்டு டிசம்பர் 31இல் முடியும். முடிக்காவிட்டாலும் செய்த ஒப்படைகள் அடுத்த வருடக் கணக்குக்குப் போகும். ஏ/எல் எழுதி முடித்துப் பெறுபேறு வரும்வரை இருக்கிற மாதங்கள்தான் நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கிற மிக நல்ல இடைவெளி. பெறுபேறு வந்த பிறகு தொடங்கலாம் என்று இருந்தால், நல்லதோ கெட்டதோ, அந்தப் பதற்றத்தில் படிப்பில் மனம் போகாது. பரீட்சை முடிந்து ஒரு கிழமை நன்றாக நித்திரை கொள்ளுங்கள். பிறகு உங்கள் வகுப்பில் இருந்து மூன்று பேரையும், உங்களைவிட வயதில் மூத்த, வேலைக்குப் போகிற ஒருவரையும் கேட்டுப் பாருங்கள். இடம் ஒரு வீடாகவோ, பொது நூலகமாகவோ, கோயில் மண்டபமாகவோ இருக்கலாம். முதல் ஞாயிறு பாடம் எதையும் தொடாதீர்கள். எல்லாருக்கும் கணக்குத் திறந்து, கடவுச்சொல்லைக் கொப்பியில் எழுதிவைத்து, முதல் விரிவுரையைப் பென் டிரைவில் ஏற்றிக்கொடுத்து, யார் எந்தப் பஸ்ஸில் வந்து எந்தப் பஸ்ஸில் திரும்புவது என்று பேசி முடித்துவிட்டு எழும்புங்கள்.